சத்தம் போடாத டேப்பட்தான் ஆபத்து! வீட்டிலேயே கார் வால்வு 'கேப்' பார்ப்பது எப்படி?

மரக்காணம்:-

கார் எஞ்சினில் இருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் எல்லோருக்கும் பயம் வந்துவிடுகிறது. "அண்ணே, டேப்பட் அடிக்குது, கொஞ்சம் டைட் வெச்சுடுங்க" என்று மெக்கானிக்கிடம் சொல்கிறோம். அவரும் ஸ்பேனரை எடுத்து ரெண்டு திருப்பு திருப்பி விடுகிறார். சத்தம் போச்சு. காசு கொடுத்துவிட்டு சந்தோஷமாக வீட்டுக்கு வந்து விடுகிறோம்.

அங்கேதான் வில்லங்கமே ஆரம்பிக்கிறது. சத்தம் போடுகிற வால்வு எஞ்சினை அவ்வளவு சீக்கிரம் கெடுக்காது. சத்தமே போடாமல் டைட்டாகிப்போன வால்வுதான் ஒருநாள் எரிந்து, இ.சி.ஆர். ரோட்டில் நட்டநடு ராத்திரியில் காரை ஓரம் கட்ட வைக்கும்.

மரக்காணம் பக்கம் பழைய அம்பாசடர், மாருதி 800 வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரிய ஒர்க் ஷாப் வேண்டுமென்றால் ஒரு பக்கம் புதுச்சேரி, இன்னொரு பக்கம் திண்டிவனம். எந்தப் பக்கம் போனாலும் சுமார் 35 கி.மீ. இதற்காக அவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்லை. ஒரு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு பீலர் கேஜ், ஒரு காலைப்பொழுது இருந்தால் வீட்டு வாசலிலேயே பார்த்து விடலாம். என்ன செய்கிறோம், எதற்காக செய்கிறோம் என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

இடைவெளி எதற்கு?

எஞ்சினுக்குள் ஒவ்வொரு சிலிண்டருக்கும் குறைந்தது 2 வால்வு உண்டு. பெட்ரோலும் காற்றும் உள்ளே வர இன்லெட் வால்வு. எரிந்த புகை வெளியே போக எக்சாஸ்ட் வால்வு. இதைத் திறந்து மூடுவது கேம் ஷாப்ட். அம்பாசடரில் கேம் ஷாப்ட் கீழே எஞ்சின் பிளாக்கில் இருக்கிறது. அதன் மேல் டேப்பட், டேப்பட் மேல் புஷ் ராடு, புஷ் ராடுக்கு மேல் ராக்கர், ராக்கர் நுனி வால்வு தலையை அமுக்கும். கிணற்று ஏற்றம் மாதிரி ஒரு பக்கம் ஏறினால் மறு பக்கம் இறங்கும்.

ராக்கர் நுனிக்கும் வால்வு தலைக்கும் நடுவில் மயிரிழை அளவுக்கு ஒரு இடைவெளி விட்டிருப்பார்கள். இதைத்தான் 'கேப்' என்றும் 'டேப்பட் செட்டிங்' என்றும் சொல்கிறோம். நிஜமான டேப்பட் கீழே இருக்கிறது. நாம் திருப்புவது மேலே ராக்கரில் இருக்கும் ஸ்க்ரூவை. பெயர் மட்டும் அதுவே நிலைத்து விட்டது.

இந்த இடைவெளி ஏன் என்றால், இரும்பு சூடானால் நீளும். மாட்டு வண்டி சக்கரத்துக்கு இரும்புப் பட்டை மாட்டுவதை பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பட்டையை நெருப்பில் போட்டு பழுக்க வைத்து, விரிந்ததும் சக்கரத்தில் மாட்டி தண்ணீர் ஊற்றுவார்கள். சுருங்கி கப்பென்று பிடித்துக்கொள்ளும். எஞ்சினில் இதே சங்கதிதான்.

ஒரு கணக்கு பாருங்கள். 100 மி.மீ. நீளமுள்ள இரும்புத் தண்டு 300 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.36 மி.மீ. நீளும். எஞ்சின் ஹெட்டும் கூடவே சூடாகி விரிவதால் முழுதும் இடைவெளியில் வந்து விழாது. ஆனாலும் நீளுகிற தண்டுக்கு இடம் விட்டுத்தானே ஆகவேண்டும்? இடமே இல்லையென்றால் வால்வு நீண்டு ராக்கரில் முட்டும். ராக்கர் நகராது. அப்போது வால்வு தன் இருக்கையில் முழுசாக உட்கார முடியாமல் துளி திறந்தே நிற்கும்.

அந்த துளிதான் வில்லன்.

எரிவது எப்படி?

எக்சாஸ்ட் வால்வு படுகிற பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. ஓடும்போது அதன் முகம் 700 டிகிரி செல்சியசுக்கு மேல் போகும். அவ்வளவு சூட்டை எங்கே கொண்டு போய் இறக்கி வைக்கிறது? மூடியிருக்கும் நேரத்தில் வால்வு சீட்டோடு ஒட்டி உட்காரும். அந்த ஒட்டுதல் வழியாகத்தான் சூட்டில் பெரும்பகுதி ஹெட்டுக்கு போய், அங்கிருந்து தண்ணீருக்கு போகிறது. எஞ்சின் 3 ஆயிரம் சுற்று ஓடினால் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 1,500 தடவை, அதாவது விநாடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. உட்காருகிற நேரமே கண் சிமிட்டுவதை விட குறைவு. அந்த நேரத்தையும் பிடுங்கிக் கொண்டால்?

சூடு இறங்க வழியில்லை. போதாக்குறைக்கு, சிலிண்டரில் வெடிக்கும் நெருப்பு அந்த சின்ன சந்து வழியாக பீய்ச்சி அடிக்கும். கேஸ் வெல்டிங் கட்டர் இரும்பை அறுப்பது போல வால்வு ஓரத்தை கொஞ்சம் கொஞ்சமாக தின்று விடும். இதற்குத்தான் 'வால்வு எரிஞ்சு போச்சு' என்று பெயர். அப்புறம் ஹெட்டை கழட்டி, வால்வு மாற்றி, சீட் பிடித்து, கேஸ்கெட் போட்டு... செலவு பற்றி சொல்லவே வேண்டாம்.

இவ்வளவும் நடக்கும்போது டேப்பட்டில் இருந்து ஒரு சத்தமும் வராது என்பதுதான் வேடிக்கை. இடைவெளி இருந்தால்தானே தட்டுவதற்கு?

இதற்காக கன்னாபின்னாவென்று லூசாகவும் விடக்கூடாது. ராக்கர் சுத்தியல் மாதிரி வால்வு தலையில் அடிக்கும். நுனி தேயும். வால்வு திறக்க வேண்டிய உயரத்துக்கு திறக்காமல் இழுவை குறையும். ஆனால் 2 தப்பில் எது பரவாயில்லை என்று கேட்டால் லூசு தப்புதான் பரவாயில்லை. அது கத்தி நம்மை கூப்பிடும். டைட் தப்பு கூப்பிடாது.

தானாகவே டைட் ஆகுமா?

ஆகும். இதுதான் பலருக்கு தெரியாத விஷயம். ஓட ஓட எல்லாம் தேய்ந்து லூசாகத்தானே ஆகும் என்று நினைப்போம். ராக்கர் நுனி தேய்ந்தால் இடைவெளி கூடும், உண்மைதான். ஆனால் வால்வு உட்காரும் சீட் தேய்ந்தால் வால்வு மேலே ஏறி வரும். ராக்கரை நெருங்கும். இடைவெளி குறையும்.

பழைய அம்பாசடர்களில் இதற்கு தனி காரணமே உண்டு. முன்பெல்லாம் பெட்ரோலில் ஈயம் கலந்து வந்தது. அந்த ஈயம் எரிந்து வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவில் மெல்லிய பூச்சாக படிந்து மெத்தை மாதிரி வேலை செய்தது. ஈயம் உடம்புக்கு விஷம், குழந்தைகளின் மூளையை பாதிக்கும் என்பதால் நிறுத்தினார்கள். 1995 ஏப்ரலில் சென்னை உட்பட 4 பெருநகரங்களில் ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. 2000-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந்தேதி முதல் நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பது நின்றது. நல்ல காரியம்தான். ஆனால் வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே சீட் வெட்டியிருந்த பழைய எஞ்சின்களுக்கு மெத்தை போய்விட்டது. வேகமாக, லோடோடு ஓட்டினால் எக்சாஸ்ட் சீட் மெல்ல மெல்ல உள்வாங்கும். இடைவெளி சத்தமில்லாமல் மூடும்.

எல்.பி.ஜி., சி.என்.ஜி. மாட்டி ஓட்டுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. கேஸ் காய்ந்த எரிபொருள். பெட்ரோல் துளி உள்ளே வந்து குளிர வைக்கும் சுகம் அதில் கிடையாது. கேசில் ஓடுவதற்கென்றே கம்பெனியில் கெட்டியான சீட் போட்டு வருகிற வண்டிகள் தாங்கும். பெட்ரோல் வண்டியை வாங்கி பின்னால் கிட் மாட்டியவர்கள், குறிப்பாக வாடகைக்கு தினமும் ஓட்டுகிறவர்கள், சீக்கிரம் சீக்கிரம் இடைவெளியை பார்க்க வேண்டும்.

என்ன வண்டி?

எல்லா காரிலும் இதை வீட்டில் செய்ய முடியாது. முதலில் அதை தெரிந்து கொள்ளுங்கள்.

அம்பாசடர் மேற்கு வங்காளம் உத்தர்பாராவில் 1957-58-ல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் தொடங்கி 2014 மே மாதம் வரை வந்த கார். இங்கிலாந்து மாரிஸ் ஆக்ஸ்போர்டுதான் அதன் தாய். அதில் நீண்ட காலம் வந்தது 1,489 சி.சி. பி.எம்.சி. எஞ்சின். ராக்கரில் ஸ்க்ரூவும் லாக் நட்டும் கண்ணுக்கு தெரிகிறபடி இருக்கும். வீட்டில் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல எஞ்சின் கிடையாது. 1992-க்கு பிறகு வந்த 1800 மாடலில் இருப்பது இசுசு எஞ்சின். அதற்கு கணக்கு வேறு.

1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் நின்றுபோன மாருதி 800-லும் ராக்கரில் ஸ்க்ரூதான். கேம் ஷாப்ட் மேலே ஹெட்டில் இருக்கும். வேலை அதேதான்.

புதிய கார்கள் பலவற்றில் ஹைட்ராலிக் லிப்டர் இருக்கிறது. எண்ணெய் அழுத்தத்தில் தானே இடைவெளியை சரி செய்து கொள்ளும். நாம் கை வைக்க வேண்டியதே இல்லை. இன்னும் சிலவற்றில் ஸ்க்ரூ கிடையாது, கிண்ணம் மாதிரி ஒரு பக்கெட்டை மாற்றித்தான் அளவு கொண்டு வரவேண்டும். அதற்கு கேம் ஷாப்டை கழட்டணும், மைக்ரோ மீட்டர் வேண்டும். அதெல்லாம் வீட்டு வேலை அல்ல. கையேட்டை புரட்டினால் உங்கள் வண்டி எந்த ரகம் என்று போட்டிருக்கும்.

பீலர் கேஜ்

இது இல்லாமல் இறங்காதீர்கள். கத்தி மாதிரி மடக்கி வைத்த மெல்லிய ஸ்டீல் இலைகள். ஒவ்வொன்றிலும் கனம் எழுதியிருக்கும். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும்.

சில பேர் ஆக்சா பிளேடை நுழைத்து பார்ப்பார்கள். அது ஸ்பார்க் பிளக் கேப்புக்கு வந்த பழக்கம். ஆக்சா பிளேடின் கனம் சுமார் 0.6 மி.மீ. பழைய பிளக்குகளின் கேப்பும் கிட்டத்தட்ட அதே அளவு என்பதால் ஒத்துப்போனது. டேப்பட்டுக்கு அது ரொம்ப அதிகம்.

நம்ம ஊரில் ஒரு சிக்கல் உண்டு. உப்புக் காற்று. கேஜை வாங்கி டூல் பெட்டியில் அப்படியே போட்டு வைத்தால் ஒரே மழைக்காலத்தில் இலைகள் துரு ஏறிவிடும். துரு ஏறிய இலை கனமாகிவிடும். அளவு தப்பாகும். வேலை முடிந்ததும் ஒவ்வொரு இலையையும் துடைத்து, எஞ்சின் ஆயில் தடவி, பிளாஸ்டிக் கவரில் சுற்றி வையுங்கள்.

அளவு எவ்வளவு? பி.எம்.சி. எஞ்சின் அம்பாசடருக்கு பழங்காலம் தொட்டு சொல்லப்படுவது ஒரு அங்குலத்தை ஆயிரமாக பிரித்தால் அதில் 15 பங்கு. மில்லி மீட்டரில் 0.38. மற்ற கார்களில் பொதுவாக 0.15 முதல் 0.40 வரை இருக்கும். எக்சாஸ்டுக்கு ஒன்று, இன்லெட்டுக்கு ஒன்று என்று தனித்தனி அளவும் இருக்கும். எண் மட்டும் பார்த்தால் போதாது. எஞ்சின் சூட்டில் பார்க்கிற அளவா, ஆறிய பிறகு பார்க்கிற அளவா என்று கையேட்டில் பக்கத்திலேயே எழுதியிருக்கும். அதையும் கவனிக்கணும். சூட்டு அளவை ஆறிய எஞ்சினில் வைத்தால் உழைத்ததெல்லாம் வீண்.

காலையில் தொடங்குங்கள்

ஆறிய எஞ்சினுக்கான அளவு என்றால், ராத்திரி முழுக்க நின்ற வண்டியை காலை 6 மணிக்கு திறப்பதுதான் சரி. மரக்காணத்தில் காலை நேரத்துக்கு இன்னொரு லாபம் உண்டு. பகல் ஏற ஏற கடல் காற்று கிளம்பி உப்பளத்து பொடியையும் மணலையும் வாரிக்கொண்டு வரும். திறந்த எஞ்சினுக்குள் அது போய் விழுந்தால் நேராக ஆயிலில் கலக்கும். பேரிங்குக்கு அதைவிட கெடுதல் வேறில்லை.

மணல் தரையில் வேண்டாம். சிமெண்ட் தரையாக, சமமாக பார்த்து நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு கல் கொடுத்து, நியூட்ரலில் வையுங்கள். பேட்டரி நெகட்டிவ் ஒயரை கழட்டி விடுங்கள். லுங்கி, வேட்டி, தோளில் துண்டு எல்லாம் எஞ்சின் பக்கம் கூடாது. சில பழைய கைகள் எஞ்சினை ஓட விட்டபடியே டேப்பட் வைப்பார்கள். பார்க்க ஸ்டைலாக இருக்கும். பேனுக்கும் பெல்ட்டுக்கும் ஸ்டைல் தெரியாது.

டேப்பட் கவரை தொடுவதற்கு முன் அதைச் சுற்றி துணியும் பிரஷ்ஷும் வைத்து சுத்தம் செய்யுங்கள். கடலோர வண்டிகளில் கவர் நட்டு துரு பிடித்து இறுகியிருக்கும். முதல் நாள் ராத்திரியே துரு நீக்கும் ஆயில் விட்டு ஊற வைத்தால் காலையில் சொன்னபடி கேட்கும். ஊறாமல் பலம் போட்டால் போல்ட் முறியும்.

பிளக்குகளை கழட்டி விடுங்கள். கழட்டும் முன்பு பிளக் குழிக்குள் இருக்கும் மண்ணை ஊதி விடணும், மறக்காதீங்க. பிளக் இல்லாவிட்டால் எஞ்சின் ஒரு கையால் சுற்றும்.

கவரை தூக்கியதும் உள்ளே ஒரு பார்வை பாருங்கள். கறுப்பாக எண்ணெய் பூசியிருந்தால் சரி. மோர் மாதிரி வெளுத்த பசை ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் ஈரம் சேர்ந்திருக்கிறது. தினமும் கடை வரைக்கும் மட்டும் போய் வருகிற வண்டியில் எஞ்சின் முழுசாக சூடாகாமல் கவரில் லேசாக அப்படி படிவது உண்டு. டிப் ஸ்டிக்கிலும் அதே வெளுப்பு என்றால் ஹெட் கேஸ்கெட்டை சந்தேகப்படுங்கள். டேப்பட் வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதை பார்க்க வேண்டும்.

9 கணக்கு

அம்பாசடர்காரர்களுக்கு இது ஒரு வரம். ரேடியேட்டர் பக்கம் இருந்து எண்ணுங்கள். 1 முதல் 8 வரை வால்வு. இதில் 1, 4, 5, 8 எக்சாஸ்ட். 2, 3, 6, 7 இன்லெட்.

ஒரு வால்வின் இடைவெளியை பார்க்க வேண்டுமென்றால் அது முழுசாக மூடியிருக்க வேண்டும். கேமின் மேடு அதற்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். எப்படி கண்டுபிடிப்பது? கூட்டினால் 9 வரும் ஜோடியை பாருங்கள். 8-வது வால்வு நன்றாக கீழே அமுங்கி ஸ்பிரிங் முழுசாக சுருங்கியிருக்கும்போது 1-வது வால்வை அளக்கலாம். 6 அமுங்கினால் 3. 4 அமுங்கினால் 5. 7 அமுங்கினால் 2. அதேபோல 1 அமுங்கினால் 8, 3 அமுங்கினால் 6, 5 அமுங்கினால் 4, 2 அமுங்கினால் 7. எஞ்சினை 2 முழு சுற்று சுற்றினால் எட்டும் முடிந்து விடும்.

சுற்றுவதற்கு பழைய அம்பாசடரில் முன்பக்கம் ஹேண்டில் போட இடம் இருக்கும். இல்லாவிட்டால் டாப் கியர் போட்டு, சக்கரத்து கல்லை எடுத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, ஒரு ஆளை விட்டு காரை அங்குலம் அங்குலமாக தள்ள சொல்லலாம். பையன் லீவில் இருந்தால் அவனுக்கு வேலை.

மாருதி 800-க்கு 9 கணக்கு செல்லாது. 3 சிலிண்டர். வெடிக்கும் வரிசை 1-3-2. புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு எஞ்சின் வழக்கமாக சுற்றும் திசையிலேயே சுற்றுங்கள். டைமிங் பெல்ட் வண்டி, பின்னால் திருப்ப வேண்டாம். 1-வது பிளக் ஓட்டையில் கட்டை விரலை வைத்தால் காற்று தள்ளுவது தெரியும். தள்ளி முடிந்து பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் அந்த சிலிண்டரின் ராக்கர்கள் எல்லாம் கையால் ஆட்டினால் லேசாக ஆடும். அப்போது அந்த சிலிண்டரை பாருங்கள். பிறகு முக்கால் சுற்றுக்கு கொஞ்சம் குறைவாக, அதாவது 240 டிகிரி சுற்றினால் 3-வது. இன்னொரு 240-க்கு 2-வது.

உப்பளத்தில் உப்புத்தண்ணீர் இறைக்கிற ஒத்தை சிலிண்டர் டீசல் எஞ்சினுக்கும் இதே முறைதான். பிஸ்டன் அமுக்கி உச்சிக்கு வந்ததும் 2 வால்வையும் பார்க்க வேண்டியது. அந்த எஞ்சினில் கை பழகியவர்களுக்கு கார் ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

முதலில் எழுதுங்கள், பிறகு திருப்புங்கள்

இதைத்தான் முக்கால்வாசி பேர் செய்வதில்லை. கவரை திறந்த உடனே லாக் நட்டை லூஸ் பண்ணி புது அளவு வைத்து விடுகிறார்கள். பழைய அளவு என்ன இருந்தது என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது.

எதையும் திருப்பாமல் எட்டு வால்வையும் முதலில் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, கிலோ மீட்டர், ஒவ்வொரு வால்வுக்கும் எந்த இலை போனது, எது போகவில்லை. அடுத்த தடவை திறக்கும்போது மறுபடி எழுதுங்கள். 5-வது வால்வு ஒவ்வொரு தடவையும் மற்றதை விட குறைந்துகொண்டே வருகிறது என்றால் அந்த சீட் உள்வாங்குகிறது என்று அர்த்தம். வால்வு எரிவதற்கு பல மாதம் முன்னாடியே நோட்டு சொல்லிவிடும். அந்த நேரத்தில் ஹெட்டை லேத்து பட்டறைக்கு கொடுத்து கெட்டியான சீட் வளையம் அடித்துக்கொண்டால், ஈயமில்லாத பெட்ரோலோ கேசோ எதுவானாலும் கவலையில்லை.

அளந்து எழுதியாச்சா? இப்போது திருப்பலாம். ரிங் ஸ்பேனரால் லாக் நட்டை லூஸ் பண்ணுங்கள். ஸ்க்ரூ டிரைவரை ஸ்க்ரூவில் வைத்து, சரியான இலையை ராக்கர் நுனிக்கும் வால்வு தலைக்கும் நடுவில் விட்டு, மெல்ல திருப்புங்கள். இலையை இழுத்தால் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி லேசான பிடிப்போடு வரவேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் லூஸ். மடங்கி நின்றால் டைட்.

பிறகு ஸ்க்ரூவை அசையாமல் பிடித்துக்கொண்டே லாக் நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது ஸ்க்ரூ கூடவே திரும்பி இடைவெளி குறைந்து விடும். புதுசாக செய்கிறவர்கள் எல்லோரும் ஏமாறும் இடம் இது. அதனால் இறுக்கிய பிறகு மறுபடி இலையை விட்டு பாருங்கள். தப்பாக இருந்தால் திரும்ப முதலில் இருந்து. முதல் வால்வுக்கு 10 நிமிஷம் ஆகும். எட்டாவது வால்வுக்கு 2 நிமிஷம் போதும்.

இன்னொரு ஏமாற்று உண்டு. பழைய ராக்கர் நுனியில் வால்வு பதிந்து பதிந்து சின்ன குழி விழுந்திருக்கும். இலை தட்டையானது. குழியின் மேல் பாலம் போட்ட மாதிரி உட்காரும். கேஜ் 0.38 காட்டும். நிஜத்தில் குழி ஆழத்தையும் சேர்த்து அதற்கு மேல் இருக்கும். அதனால் கரெக்டாக வைத்தாலும் சத்தம் நிற்காது. இங்கேதான் பொறுமை போய் "இன்னும் கொஞ்சம் டைட் வை" என்று ஆரம்பிக்கிறோம். வேண்டாம். சத்தம் நிற்க வேண்டுமென்றால் ராக்கரை கழட்டி நுனியை சீராக்கணும், இல்லை மாற்றணும்.

ஹெட் வேலை பார்த்து நட்டுகளை மறுபடி இறுக்கியிருந்தால் அதற்கு பிறகுதான் டேப்பட். முன்பே வைத்தால் ஹெட் அமுங்கி அளவு மாறிவிடும்.

எல்லாம் முடிந்ததும் எஞ்சினை இன்னும் 2 சுற்று சுற்றி எட்டையும் ஒருமுறை சரி பாருங்கள். சந்தேகம் வந்த வால்வை டைட் பக்கம் விடாதீர்கள், துளி லூஸ் பக்கம் விடுங்கள்.

ஏற்கனவே எரிந்து விட்டதா?

எரிந்துபோன வால்வை டேப்பட் வைத்து காப்பாற்ற முடியாது. அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள பழைய டிரைவர்கள் ஒரு வித்தை செய்வார்கள். வண்டியை ஐடிலில் ஓட விட்டு, சைலன்சர் வாய் பக்கத்தில் ஒரு துண்டு பேப்பரை தொங்க விட்டு பிடியுங்கள். நல்ல எஞ்சின் என்றால் பேப்பரை ஒரே சீராக வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். எக்சாஸ்ட் வால்வு சரியாக மூடவில்லை என்றால் நடுநடுவே பேப்பரை உள்ளே இழுக்கும். கூடவே எஞ்சின் ஒரு காலை நொண்டுகிற மாதிரி ஓடும். உறுதி செய்ய கம்பிரஷன் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டராக பார்க்க வேண்டும். அது இருக்கும் ஒர்க் ஷாப்புக்கு போவதே நல்லது.

15 வருடம் தாண்டிய காருக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. புகை சோதனையும் உண்டு. வால்வு ஒழுகினால் எரியாத பெட்ரோல் அப்படியே புகையில் வரும். டியூனிங்கை எவ்வளவு மாற்றினாலும் மெஷின் ஒத்துக்கொள்ளாது. கார்புரேட்டரை மாற்றி காசை விட்டவர்கள் டேப்பட் கவரை ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாம்.

மூடும்போது

கவருக்கு அடியில் இருக்கும் கார்க் கேஸ்கெட் பழசாகி காய்ந்திருந்தால் புதுசு போடுங்கள். விலை குறைவுதான். அம்பாசடரில் கவரை பிடிப்பது 2 நட்டுதான். அதற்கு கீழே ரப்பர் வாஷர் உண்டு. ஆயில் ஒழுகுகிறதே என்று பலம் போட்டு இறுக்கினால் தகரக் கவர் வளைந்து இன்னும் அதிகமாக ஒழுகும். கேஸ்கெட் பிடித்தது என்று தெரிந்தால் அதோடு நிறுத்துங்கள்.

துணி, நட்டு, வாஷர் ஏதும் உள்ளே விழுந்து கிடக்கிறதா என்று டார்ச் அடித்து பார்த்துவிட்டு மூடுங்கள். பிளக் போட்டு, ஒயர்களை அதே வரிசையில் மாட்டி, கடைசியாக பேட்டரி. ஸ்டார்ட் செய்ததும் லேசாக தையல் மெஷின் மாதிரி ஒரு சத்தம் கேட்கும். கேட்கட்டும். அடுத்த 10 ஆயிரம் கி.மீ.க்குள் மறுபடி திறந்து பார்த்தால் போதும். கேஸ் வண்டி என்றால் அதற்கு முன்னாடியே.

திண்டிவனம் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து, பானட்டை தூக்கி, கவர் ஓரம் முழுக்க விரலால் தடவி பாருங்கள். விரலில் எண்ணெய் ஒட்டினால் எந்த பக்கம் என்று பார்த்து, அந்த பக்கத்து நட்டை மட்டும் கால் திருப்பு.